புது ஃபோன்ல பேட்டரி புகையுது, கம்பெனி என்ன பண்ணணும்? மாத்திக் குடுக்கறது ரெண்டாவது, முதல்ல ஆஃப் பண்ணச் சொல்லுங்க

வாசகர் கேள்வி: சார், நான் ஒரு சின்ன ஃபோன் கம்பெனியில கஸ்டமர் சப்போர்ட் டீமை பாத்துக்கறேன். போன மாசம் விட்ட புது மாடல்ல இதுவரைக்கும் ஒன்பது கம்ப்ளைன்ட். ஏழு பேருக்கு பேட்டரி உப்பி பின்மூடி தூக்கிக்கிச்சு, ரெண்டு பேருக்கு சார்ஜ் போட்டிருக்கும்போது புகை வந்திருக்கு. வித்தது மொத்தம் 40,000. முதலாளி என்ன சொல்றார்னா, கேக்கறவங்களுக்கு மட்டும் சத்தமில்லாம மாத்திக் குடுங்க, வெளிய சொன்னா பிராண்டே போயிடும்ங்கறார். எனக்கு ராத்திரி தூக்கம் வரல. சரியான வழி எது?

பதில்:

உங்களுக்கு தூக்கம் வராதது நியாயம்தான். அந்த ரெண்டு புகை கேஸ் வந்த அன்னிக்கே இது கஸ்டமர் சப்போர்ட் விஷயமா இல்லாம போயிடுச்சு. நான் பேட்டரி செல் டெஸ்டிங் லேப்ல ரொம்ப வருஷம் இருந்தவன், அதனால முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உப்பறதையும் புகையறதையும் ஒரே கணக்குல எழுதாதீங்க. உப்பல்னா பவுச்சுக்குள்ள, அதாவது பேட்டரியோட மூடின உறைக்குள்ள இருக்கற எலக்ட்ரோலைட்ங்கற திரவம் சிதைஞ்சு காஸ் ஆகி வெளிய போக வழியில்லாம நிக்குது, நாலு வருஷம் ஓடின பேட்டரியில இது வரும், ஆனா வாங்கி ஒரு மாசத்துல வந்தா அது வயசுக் கோளாறு இல்ல, செஞ்ச இடத்துல கோளாறு. புகைங்கறது அதுக்கு அடுத்த படி. உள்ள பாசிட்டிவ் ஷீட்டும் நெகட்டிவ் ஷீட்டும் பாய் சுருட்டின மாதிரி சேத்து சுருட்டி வெச்சிருக்கும், நடுவுல செபரேட்டர்னு ஒரு பிளாஸ்டிக் படலம், தலைமுடியை விட மெல்லிசு, அது எங்கயாவது கிழிஞ்சு ரெண்டு ஷீட்டும் தொட்டுக்கிச்சுன்னா அந்த இடம் சூடாகும், அந்த சூட்டுல பக்கத்துப் படலமும் உருகும், அது இன்னும் சூடாக்கும், இப்படியே ஏறிக்கிட்டே போறதைத்தான் தெர்மல் ரன்அவேன்னு சொல்றோம். ஒரு தடவை ஆரம்பிச்சுட்டா யாரும் ஸ்விட்ச் போட்டு நிறுத்த முடியாது.

அப்புறம் உங்க முதலாளி 40,000ல ஒன்பதுதானேன்னு சொல்லியிருப்பார், சொல்லலன்னா நாளைக்கு சொல்வார். 2016ல சாம்சங் நோட் 7 விஷயத்துலயும் இந்தக் கணக்கு வந்துச்சு. செப்டம்பர் 2ஆம் தேதி சியோல்ல அவங்க மொபைல் பிரிவு தலைவர் கோ டாங்-ஜின் அறிவிச்சப்போ உலகம் முழுக்க 35 கேஸ், 10 லட்சம் ஃபோனுக்கு 24ன்னு சொன்னாங்க. உங்க புகை கேஸ் ரெண்டை மட்டும் எடுத்தாலே 10 லட்சத்துக்கு 50 வருது, அவங்களை விட ரெண்டு மடங்கு, அதுவும் முதல் மாசத்துலயே. அவங்க அந்த 35க்கே அதுவரைக்கும் போன 25 லட்சம் ஃபோனையும் திரும்ப எடுக்கறோம்னு சொன்னாங்க, அது சரியான முடிவு, அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஃபோன்ங்கறது தலையணை பக்கத்துல தூங்கற பொருள், பாக்கெட்டுல ஒட்டி இருக்கற பொருள், பிளேன்ல ஏறற பொருள், அதுல சதவீதம் பேசவே கூடாது.

ஆனா நீங்க கத்துக்க வேண்டியது அவங்க சரியா பண்ணதுல இருந்து இல்ல, அதுக்கப்புறம் நடந்ததுல இருந்து.

ஆகஸ்ட் 19 விற்பனை ஆரம்பிச்ச ஃபோன் அது, ரெண்டு வாரத்துல ரீகால். செப்டம்பர் 2 அறிவிப்புல என்ன சொன்னாங்கன்னா, விற்பனையை நிறுத்தறோம், வரப்போற வாரங்கள்ல புது ஃபோன் மாத்தித் தருவோம்னு. கேட்டவங்க என்ன பண்ணுவாங்க? புதுசு வர்ற வரைக்கும் பழசையே வெச்சுக்கிட்டு இருப்பாங்க, சார்ஜ் போட்டுக்கிட்டும் இருப்பாங்க, எல்லாரும் அதைத்தான் பண்ணாங்க. ஃபோனை ஆஃப் பண்ணி வைங்கன்னு அமெரிக்காவுல தெளிவா சொன்னது செப்டம்பர் 9ஆம் தேதி, அதுவும் அந்த ஊர் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு கமிஷன் சொன்ன அதே நாள்ல. நடுவுல ஒரு வாரம் போச்சு. அபாயம் இருக்குன்னு தெரிஞ்சும் கையில வெச்சிருக்கறவங்களுக்கு இப்ப என்ன பண்ணணும்னு ஒரு வரி போகாத ஒரு வாரம். அந்த கமிஷனோட சேராம கம்பெனி தானா ரீகால் அறிவிச்சதும் பெரிய தப்பாப் போச்சு, ஏன்னா அரசாங்கம் முறையா சொல்ற வரைக்கும் கடைக்காரங்களுக்கும் ஏர்லைன்காரங்களுக்கும் எதைப் பின்பத்தறதுன்னே தெரியல, முறையான ரீகால் வந்தது செப்டம்பர் 15, அமெரிக்காவுல மட்டும் சுமார் 10 லட்சம் ஃபோன்.

அதனாலதான் தலைப்புலயே போட்டேன். மாத்திக் குடுக்கறதுக்கு ஸ்டாக் வேணும், பணம் வேணும், ஆள் வேணும், நாள் ஆகும். சார்ஜரை கழட்டி ஃபோனை ஆஃப் பண்ணுங்கன்னு சொல்றதுக்கு எதுவும் வேணாம், இன்னிக்கே சொல்லலாம். ஸ்டாக் ரெடியானதும் ரெண்டையும் சேத்து சொல்லிக்கலாம்னு மட்டும் உக்காந்துடாதீங்க.

அடுத்தது இதைவிட முக்கியம், இங்கதான் சாம்சங் மாதிரி பெரிய கம்பெனியே விழுந்துச்சு. அந்த ஃபோனுக்கு ரெண்டு இடத்துல இருந்து பேட்டரி வந்துச்சு, அவங்க குழுமத்தைச் சேர்ந்த எஸ்டிஐ ஒண்ணு, ஏடிஎல்ங்கற வேற பேட்டரி கம்பெனி இன்னொண்ணு. எரிஞ்சது எஸ்டிஐ பேட்டரின்னு கண்டுபிடிச்சதும், அப்ப இன்னொண்ணு நல்லதுன்னு முடிவு பண்ணி மாத்திக் குடுத்த ஃபோன்ல எல்லாம் ஏடிஎல் பேட்டரியைப் போட்டாங்க, இது பத்திரமான ஃபோன்னு அடையாளம் தெரிய ஸ்க்ரீன்ல பேட்டரி குறியை பச்சைக் கலர் ஆக்கினாங்க. அக்டோபர் 5ஆம் தேதி அமெரிக்காவுல கென்டக்கி மாநிலம் லூயிவில் ஏர்போர்ட்ல சவுத்வெஸ்ட் பிளேன் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு பயணியோட நோட் 7 புகைய ஆரம்பிச்சு, பிளேன்ல இருந்த அத்தனை பேரையும் இறக்க வேண்டியதாப் போச்சு, நல்லவேளை யாருக்கும் அடிபடல. அது மாத்திக் குடுத்த ஃபோன். அதுவும் அந்தப் பயணி ஃபோனை ஆஃப் பண்ணி பாக்கெட்டுல போட்டதுக்கு அப்புறம் புகைஞ்சதுன்னு சொன்னார். அதுக்கு மேல ஒண்ணும் மிச்சமில்ல, அக்டோபர் 11ல அந்த மாடலையே நிறுத்திட்டாங்க, அடுத்த சில நாள்ல அமெரிக்க விமானங்கள்ல அந்த ஃபோனை கொண்டுபோகவே தடை.

உண்மையான காரணம் எப்ப தெரிஞ்சுது தெரியுமா, 2017 ஜனவரி 23. ரெண்டு லட்சம் ஃபோன், 30,000 பேட்டரி, 700 பேர் உக்காந்து டெஸ்ட் பண்ணாங்க, யுஎல், எக்ஸ்போனென்ட், டியுவி ரைன்லாந்துன்னு வெளி சோதனைக் கம்பெனிகளும் தனியாப் பாத்தாங்க. எஸ்டிஐ பேட்டரியில மேல் வலது மூலையில நெகட்டிவ் ஷீட் மடங்கி நசுங்கியிருந்துச்சு. ஏடிஎல் பேட்டரியில இருந்தது முழுக்க வேற கோளாறு, வெல்டிங் பண்ண இடத்துல பிசிறு நீட்டிக்கிட்டு செபரேட்டரைக் குத்தியிருக்கு, சில பேட்டரியில இன்சுலேஷன் டேப்பே ஒட்டல. முதல் காரணத்தைப் பிடிச்சதும் தேடறதை நிறுத்தினதுதான் வினை. என் லேப் அனுபவத்துலயும் இதைப் பாத்திருக்கேன், எக்ஸ்ரேவுல ஒரு கோளாறு கண்ணுல பட்டதும் மீட்டிங்ல எல்லார் முகத்துலயும் ஒரு நிம்மதி வரும், அப்ப யாராவது ஒருத்தர் மத்த பேட்ச்சையும், அதாவது வேற தடவை செஞ்ச பேட்டரிங்களையும் வெட்டிப் பாக்கலாமான்னு கேட்டா கோபமாப் பாப்பாங்க. அந்தக் கேள்வியைக் கேக்கற ஆள் நீங்களா இருங்க.

அதனால காரணம் உறுதியாத் தெரியாம மாத்து ஃபோனா அதே மாடலைக் குடுக்காதீங்க. பணத்தைத் திருப்பிக் குடுங்க, இல்ல பிரச்சனையே இல்லாத பழைய மாடலைக் குடுங்க. சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு சார்ஜை 60 சதவீதத்துல நிறுத்திடலாமேன்னு உங்க டெக்னிக்கல் டீம் சொல்லும். சாம்சங்கும் அதைச் செஞ்சது, ஆனா அது ஃபோன் திரும்பி வர்ற வரைக்கும் அபாயத்தைக் குறைக்கற வேலை, உள்ள குத்திக்கிட்டிருக்கற பிசிறை எந்த அப்டேட்டும் எடுக்காது. கூகுள் 2025ல பிக்சல் 6ஏ ஃபோனுக்கு 400 சார்ஜ் சைக்கிள் தாண்டினா பேட்டரி கொள்ளளவைக் குறைக்கற அப்டேட்டை விட்டப்போ கூடவே இலவச பேட்டரி, இல்லன்னா பணம்னு குடுத்தாங்க. அப்டேட் மட்டும் விட்டா போதும்னு யாராவது சொன்னா அதைக் காட்டுங்க.

எந்த ஃபோன்லாம் பிரச்சனைன்னு கஸ்டமருக்கு ஒரு நிமிஷத்துல தெரியணும். 2007ல நோக்கியா பிஎல்-5சி பேட்டரி ஞாபகம் இருக்கா, நம்ம ஊர்ல பாதிப் பேர் கையில அதான் இருந்துச்சு. ஜப்பான் கம்பெனி மட்சுஷிட்டா செஞ்ச 4.6 கோடி பேட்டரி சார்ஜ் ஏறும்போது சூடாகுதுன்னு சொல்லி, பேட்டரியைக் கழட்டி பின்னாடி இருக்கற 26 எழுத்து நம்பரைப் பாருங்க, அது பிரச்சனை உள்ள பேட்டரின்னா இலவசமா மாத்திக்கோங்கன்னு சொன்னாங்க. அப்ப மூடியைத் தள்ளினா பேட்டரி கையில வந்துடும். இப்ப எல்லாம் பசை போட்டு ஒட்டி வெச்சிருக்கு, கஸ்டமரால பாக்கவே முடியாது, அதனால ஒவ்வொரு ஃபோனுக்கும் தனியா இருக்கற ஐஎம்இஐ நம்பரை அடிச்சா ஆமா இல்லன்னு சொல்ற ஒரு பக்கத்தை இன்னிக்கு ராத்திரிக்குள்ள போடச் சொல்லுங்க. எந்த பேட்ச்னு உங்களுக்கே சந்தேகம்னா 40,000க்கும் ஆமான்னே வரட்டும்.

திரும்ப எடுக்கற வழியில ஒரு பெரிய பள்ளம் இருக்கு. கூரியர்ல அனுப்பிடுங்கன்னு சொல்லவே சொல்லாதீங்க. பழுதான, உப்பின லித்தியம் பேட்டரி பிளேன்ல ஏறக் கூடாது, அது உலக அளவுல விமான விதி, நம்ம கூரியர் பை எது எப்ப பிளேன் ஏறும்னு கஸ்டமருக்கு எப்படித் தெரியும்? சாம்சங் அமெரிக்காவுல தீயைத் தாங்கற பெட்டியும் கையுறையும் அனுப்பி, ரோடு வழியா மட்டும்தான் வரணும்னு வெச்சாங்க. உங்களுக்கு அவ்வளவு வசதி இல்லன்னா சர்வீஸ் சென்டர் ஆளே வீட்டுக்குப் போய் எடுத்துக்கட்டும், உலோகப் பெட்டியில மணல் போட்டு வெச்சு எடுத்துட்டு வரட்டும், ஒரே இடத்துல குவிச்சு வைக்காம பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, ஜனங்க ஏன் ஃபோனைத் திருப்பிக் குடுக்காம வெச்சுக்கறாங்கன்னு கோபப்படாதீங்க. ஓடிபி அதுல, யுபிஐ அதுல, பிள்ளையோட ஸ்கூல் குரூப் அதுல, வேலையே அதுல. 2016 டிசம்பர்ல நோட் 7 ஃபோன் சார்ஜே ஏறாதபடி அப்டேட் விடப் போறோம்னு சாம்சங் சொன்னப்போ வெரைசான்ங்கற அமெரிக்க மொபைல் சர்வீஸ் கம்பெனி முதல்ல மாட்டேன்னுச்சு, பண்டிகை சமயத்துல கையில வேற ஃபோன் இல்லாதவங்க அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவாங்கன்னு கேட்டாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. அதனால ஃபோனை வாங்கப் போற ஆள் கையில ஒரு சாதா ஃபோனாவது இருக்கட்டும், சிம்மை அதுல போட்டுக் குடுத்துட்டுத்தான் பழசை எடுக்கணும்.

சட்டத்தையும் உங்க முதலாளிகிட்ட சொல்லுங்க, மிரட்டறதுக்கு இல்ல, தெரிஞ்சுக்கறதுக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஆபத்தான பொருளைத் திரும்ப எடுக்க உத்தரவு போட அதிகாரம் இருக்கு, பொருளால யாருக்காவது காயமோ நஷ்டமோ ஆனா செஞ்சவர், வித்தவர், சர்வீஸ் பண்ணவர் யார் மேலயும் நஷ்ட ஈடு கேட்டு கேஸ் போடலாம். அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே எழுதிக் குடுத்துடறது நல்லது. சத்தமில்லாம மாத்திக் குடுத்ததுக்கு ஒன்பது ரசீது உங்க ஃபைல்ல இருக்கும், பத்தாவது ஃபோன் ஒரு வீட்டுல தீப்பிடிச்சா அந்த ஒன்பதும் உங்களுக்கு ஏற்கனவே தெரியும்ங்கறதுக்கு சாட்சி. மாத்திக் குடுக்கும்போது வெளிய சொல்ல மாட்டேன்னு யார்கிட்டயும் கையெழுத்தும் வாங்காதீங்க. அந்த ரெண்டு எரிஞ்ச ஃபோனையும் சர்வீஸ் டேபிள்ல பிரிக்க விடாதீங்க, அப்படியே பத்திரமா வெச்சு சிடி ஸ்கேன் வசதி இருக்கற வெளி லேப்புக்குக் குடுங்க, கூடவே கம்ப்ளைன்ட் வராத பேட்ச்ல இருந்தும் ஒரு இருபது முப்பது பேட்டரி குடுங்க.

கடைசியா மெசேஜ். ஒண்ணு மறந்துடுவீங்க, ஆஃப் பண்ணச் சொன்ன ஃபோனுக்கு மறுநாள் உங்க எஸ்எம்எஸ் போய்ச் சேராது. அதனால முதல் மெசேஜ்லயே எல்லாம் இருக்கணும், பில்லுல இருக்கற இமெயிலுக்கும் அனுப்புங்க, வித்த கடைக்காரங்களை விட்டு வீட்டுல வேற நம்பர் இருந்தா கூப்பிடச் சொல்லுங்க. முன்னெச்சரிக்கையா, சில சமயங்கள்ல, வாய்ப்பு இருக்கலாம், இந்த மாதிரி வார்த்தையெல்லாம் போட்டா படிக்கறவர் சரி நாளைக்குப் பாக்கலாம்னு சார்ஜ் போட்டுட்டுத் தூங்கிடுவார். நான் எழுதினா இப்படி எழுதுவேன், அப்படியே எடுத்துக்கோங்க:

"நீங்க எங்ககிட்ட வாங்கின ஃபோன்ல பேட்டரி தீப்பிடிக்கற அபாயம் இருக்கு. இப்பவே சார்ஜரைக் கழட்டுங்க. இந்த நம்பரை [உங்க ஹெல்ப்லைன் நம்பர்] வேற இடத்துல எழுதி வெச்சுக்கிட்டு ஃபோனை ஆஃப் பண்ணுங்க, திரும்ப ஆன் பண்ணாதீங்க. மெத்தை மேல, துணி மேல, பைக்குள்ள வைக்காம வெறும் தரையில தனியா வைங்க. உப்பியிருந்தா அழுத்தாதீங்க, பிரிக்காதீங்க. கூரியர்ல அனுப்பாதீங்க. எங்க ஆள் வீட்டுக்கு வந்து எடுத்துக்குவார், வரும்போது வேற ஃபோன் கொண்டு வருவார், முழுப் பணமும் திருப்பித் தர்றோம். பில் இல்லன்னாலும் பரவால்ல."