கருவி செய்யும் மகளை என்ன படிக்க வைப்பது?

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்விகளைவிடப் புகார்கள்தாம் அதிகம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பழைய ரேடியோ, பழுதான கொசு பேட், உடைந்த செல்போன் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. திருவிழாவுக்குக் கொடுத்த காசு சென்சாராகவும் வயராகவும் மாறிவிடுகிறது. கருவாடு காயும் இடத்தில் அவள் மாட்டிய மழைமணி, வானத்தில் ஒரு துளி மேகம் இல்லாத நள்ளிரவில் அலறித் தெருவையே எழுப்பிவிட்டது. "இது எந்தப் படிப்பில் சேரும்? அல்லது வெறும் விளையாட்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

விளையாட்டுதான், ஐயா. பதினைந்து வயதில் அது விளையாட்டாக இருப்பதே நல்லது. ஆனால் அந்த நள்ளிரவு மணியைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டும். உங்கள் மகள் எந்தப் படிப்புக்குப் பொருத்தமானவள் என்பதற்கு இந்தக் கடிதம் முழுவதிலும் இருக்கிற ஒரே நல்ல தடயம் அதுதான்.

அவள் செய்தது என்ன? செம்புத் தகடு ஒட்டிய அட்டையில் இரண்டு கம்பித் தடங்களை ஒன்றையொன்று தொடாமல் நெருக்கமாகக் கோத்திருக்கிறாள். நடுவில் மழைத்துளி விழுந்தால் மின்சாரம் பாயும், மணி அடிக்கும். மதுரையிலோ கோவையிலோ இது ஒழுங்காக வேலை செய்திருக்கும். உங்கள் வீடோ கடலை ஒட்டி இருக்கிறது. பகலெல்லாம் காற்றில் வரும் உப்பு அந்தத் தடங்களின்மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே ஈரத்தை இழுக்கும். இரவில் குளிர்ந்து ஈரம் ஏறியதும் உப்பு கசிந்தது, மின்சாரம் பாய்ந்தது, மணி அடித்தது. கருவியில் பிழை இல்லை. அது உப்புநீரைச் சரியாகவே கண்டுபிடித்தது. மழையையும் பனியையும் பிரித்தறிய அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"இரண்டே வாரத்தில் பச்சை பிடித்துப் போனது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் உப்பு மட்டுமல்ல. தடங்களில் இரவும் பகலும் ஒரே திசையில் மின்சாரம் கொடுத்துவைத்தால், நேர்முனைப் பக்கத்துச் செம்பு கரைந்துகொண்டே போகும். மின்பகுப்பு என்று வேதியியல் பாடத்தில் வருவது இதுதான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கண் இமைக்கும் அளவுக்கு மின்சாரம் கொடுத்து, அளவைப் படித்துவிட்டு உடனே நிறுத்தும்படி, கருவியை இயக்கும் கணினி நிரலை மாற்றச் சொல்லுங்கள். அட்டையைச் சாய்வாக மாட்டச் சொல்லுங்கள், நீர் வழிந்துவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவட்டும். மழை என்றால் அளவு சட்டென்று மாறும், பனி என்றால் மெல்ல மாறும். இந்த வேறுபாட்டை நிரலில் எழுத முடிகிறதா என்று பார்க்கட்டும். விடுமுறையில் ஒரு வாரத்துக்குப் போதுமான வேலை இது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அவள் தற்செயலாகத் தொட்டிருப்பது பெரிய துறை. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படித் தடுப்பது என்பதற்காகவே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் விஞ்ஞானிகள் வேலை செய்கிறார்கள். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம் அது. உங்கள் வீட்டுக்கு அருகிலேயே, மண்டபத்தில், உலோகத் துண்டுகளைக் கடல் காற்றில் வைத்துப் பார்க்கும் சோதனைத் தளம் அதற்கு உண்டு. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தைத் தினமும் பார்க்கிறீர்கள். அதன் கட்டுமானத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் போட்டதும், பாலிசிலாக்ஸேன் என்ற சிறப்புப் பூச்சு அடித்ததும் மகளின் அட்டையைத் தின்ற அதே உப்புக் காற்றுக்காகத்தான். 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் தூக்குப் பகுதியை மேலேற்றி இறக்கும் மோட்டார்களையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் இந்தக் காற்றில் பழுதில்லாமல் வைத்திருப்பதற்கும் ஆட்கள் வேண்டும்.

ஆகவே "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் போதும்" என்று சொல்லும் உறவினர்களை நீங்கள் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். மின்னணுவியல், கருவியியல் (அளக்கும், கட்டுப்படுத்தும் கருவிகள் பற்றிய படிப்பு), மின்வேதியியல், மீன்வளப் பொறியியல் ஆகிய நான்கும் இவள் கைக்கு நெருக்கமானவை. காரைக்குடி நிறுவனத்திலேயே வேதி மற்றும் மின்வேதிப் பொறியியலில் பி.டெக் நடக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ராமநாதபுரத்திலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ஒன்றும் உண்டு.

பிளஸ் 1இல் சேர்ப்பதா, பாலிடெக்னிக்கா? மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நான் பிளஸ் 1 பக்கம்தான் சாய்வேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத இடங்கள் 2021 முதல் தனியாக இருக்கின்றன. அந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்போடு வெளியே வந்தால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் உள்ள பிரிவில் சேருங்கள். நான்காவது பாடம் கணினியோ உயிரியலோ, அவள் விருப்பம். பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணிதத்துக்கு மட்டும் 100 மதிப்பெண். சாலிடரிங் கம்பியைப் பிடித்த கைக்குக் கணக்கு கசக்கிறது என்றால் அதை இந்த வருடமே சரிசெய்ய வேண்டும்.

பாலிடெக்னிக் மட்டமான வழி என்று நான் சொல்லவில்லை. பதினோராம் வகுப்புக் கணக்கு அவளுக்கு உண்மையிலேயே எட்டாது என்று பள்ளி ஆசிரியர் சொன்னால், மூன்று வருட டிப்ளமோ நல்ல முடிவு. முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் இரண்டு வருடப் படிப்பு. இவற்றில் எதில் சேர்ந்தாலும், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) நடத்தும் பிரகதி உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். டிப்ளமோவுக்கும் உண்டு, பட்டப்படிப்புக்கும் உண்டு. முதலாம் ஆண்டில் சேர்ந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். சேர்க்கை நேரத்தில் அலைந்து திண்டாடும் பெற்றோரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

ஒன்று மட்டும் கவனம். "ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் பெண்களை நிறைய எடுக்கிறார்கள், பன்னிரண்டு முடித்ததும் அனுப்பிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கிறார்கள், உண்மை. ஆனால் அது பெரும்பாலும் வரிசையில் உட்கார்ந்து ஒரே பாகத்தைப் பொருத்திக்கொண்டே இருக்கும் வேலை. வீட்டுச் சூழல் கட்டாயப்படுத்தினால் அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் "இவளுக்குத்தான் எலக்ட்ரானிக்ஸ் பிடிக்குமே" என்ற காரணத்தைச் சொல்லி அனுப்பாதீர்கள். அவளுக்குப் பிடித்தது வேறு.

இனி அந்தக் காசு விவகாரம். ஆர்டுயினோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையை வைத்துத்தான் அவள் விளையாடுகிறாள் என்று புரிகிறது. 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்காகவே தொடங்கியது அது. சுற்று வரைபடமும் நிரலும் எல்லோருக்கும் திறந்தே இருப்பதால் அதை அப்படியே நகலெடுத்த பலகைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. ஒரு பலகையை வைத்துக்கொண்டே பத்துக் கருவி செய்து கலைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. டிங்கர்கேட் என்ற இணையதளத்தில் சுற்றைக் கணினித் திரையிலேயே இணைத்து, இயக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்கலாம். இலவசம்.

அவள் செய்வது புரிந்து செய்வதா, இணையத்திலிருந்து நிரலை அப்படியே எடுத்து ஒட்டுவதா? இதை அறிய நீங்கள் எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டாம். விசைப்படகு இஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவர் நீங்கள். ஏதாவது ஒரு வயரைத் தொட்டு, "இதைப் பிடுங்கினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பிடுங்கும் முன்பே பதில் சொல்கிறாளா என்று பாருங்கள். பிறகு அவளுக்கு உங்கள் வேலையிலிருந்தே ஒன்றைக் கொடுங்கள்: படகின் 12 வோல்ட் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்று காட்டும் கருவி. ஓய்வில் இருக்கும் ஈய அமில பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். அவளுடைய பலகையில் வோல்ட்டை அளக்கும் முனையோ 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 20 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என்று இரண்டு மின்தடைகளைத் தொடராகப் போட்டு மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால் 14.4 வோல்ட் 4.8 ஆகக் குறையும். ஓம் விதி அவளுடைய பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு வேலை கொடுத்ததாக இருக்கும். தெருக் குழாயில் தண்ணீர் வந்ததும் அடிக்கிற மணியையும் செய்யச் சொல்லுங்கள். நள்ளிரவில் அலறினாலும் அக்கம்பக்கத்தார் அதற்குத் திட்டமாட்டார்கள்.

எல்லாமே பயனுள்ளதாகவே இருக்க வேண்டும் என்றும் நெருக்காதீர்கள். பல் துலக்கும் பிரஷின் தலையை வெட்டி, பழைய செல்போனின் அதிர்வு மோட்டாரை அதன்மேல் ஒட்டி ஒரு பட்டன் செல்லை இணைத்தால் மேசைமேல் நண்டு மாதிரி ஓடும். யாருக்கும் பயனில்லை. ஆனால் எந்தப் பக்கம் எடை கூடினால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே ஒரு பிள்ளை மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கும். கூடவே "அடுத்த கலாம்" என்று அழைப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். ராமேசுவரம் தீவில் பிறந்த எந்தப் பிள்ளை திருப்புளியை எடுத்தாலும் இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். அவரே திருச்சியில் இயற்பியல் பட்டம் வாங்கியபிறகுதான் பொறியியல் படிக்கச் சென்னைக்குப் போனார்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, சுற்றின் படம், எதிர்பார்த்தது, நடந்தது, அடுத்து மாற்றியது: இவ்வளவு எழுதினால் போதும். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்குப் பள்ளியே மாணவர்களின் யோசனைகளைப் பரிந்துரைக்கிறது. தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருகிறார்கள். உப்புக் காற்றில் ஏமாறாத மழைமணி, கேட்பதற்கே நல்ல யோசனை. தலைமை ஆசிரியரிடம் நோட்டோடு போகச் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கொசு பேட்டை அணைத்தபிறகும், மின்னூட்டத்தைச் சேமிக்கும் அதன் கெப்பாசிட்டரில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். பழைய பெட்டி டிவியில் அதைவிட மோசம். இவை இரண்டையும் அவள் திறக்கக் கூடாது. வீட்டின் 230 வோல்ட் இணைப்பை நீங்கள் பக்கத்தில் இருந்தாலும் தொடக் கூடாது. உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்திப் பார்ப்பது, இரவில் சார்ஜில் விட்டுத் தூங்குவது இரண்டும் வேண்டாம். சாலிடரிங் ஜன்னலோரத்தில் நடக்கட்டும். சாலிடர் கம்பி பெரும்பாலும் ஈயம் கலந்தது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கடைசியாக டிரோன் கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம், எதிரே சர்வதேசக் கடல் எல்லை. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்பதை மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பார்த்து 2021 டிரோன் விதிகளின்படிதான் முடிவு செய்ய வேண்டும். கடற்கரையில் சும்மா ஏற்றிவிட்டால் வீட்டுக்கு வருவது போலீஸாக இருக்கும். உரிமம் இல்லாத ரேடியோ டிரான்ஸ்மிட்டருக்கும் இதே கதைதான். வானொலியில் ஆர்வம் இருந்தால் 12 வயது நிரம்பியவர்கள் அமெச்சூர் ரேடியோ உரிமத் தேர்வு எழுதலாம். அது சட்டப்படியான வழி. டிரோனுக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பங்கைச் செலவழித்து ராமநாதபுரத்தில் வோல்ட், மின்தடை போன்றவற்றை அளக்கும் ஒரு நல்ல மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். படகு பேட்டரிக்கு உங்களுக்கும் தேவைப்படும்.