எம்.பி. எந்தப் பொத்தானை அழுத்தினார்? கேள்வி பதில்

டெல்லியில் ஒரு எம்.பி.யின் அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அவைக் குறிப்புகளைப் படிப்பது, கேள்விகளுக்கு வரைவு எழுதுவது, கூட்டத்தொடர் முடிந்ததும் தொகுதியில் விநியோகிக்கச் சாதனைத் துண்டறிக்கை தயாரிப்பது, இதுதான் வேலை. எம்.பி.க்கள் அவைக்குள் எப்படி வாக்களிக்கிறார்கள், வெளியே என்ன பேசுகிறார்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து: அக்கா, எங்கள் எம்.பி. ஒவ்வொரு மசோதாவுக்கும் எப்படி வாக்களித்தார் என்று எங்கே பார்ப்பது?

பெரும்பாலான மசோதாக்களுக்குப் பார்க்கவே முடியாது தம்பி. நம் நாடாளுமன்றத்தில் வழக்கம் குரல் வாக்கெடுப்புதான். ஆதரிப்பவர்கள் "ஆம்" என்பார்கள், எதிர்ப்பவர்கள் "இல்லை" என்பார்கள். எந்தச் சத்தம் பெரிது என்று காதால் கேட்டு சபாநாயகர் முடிவு சொல்லிவிடுவார். யார் எந்தப் பக்கம் கத்தினார் என்று எங்கும் எழுதி வைப்பதில்லை.

அந்த முடிவை ஏற்க மாட்டோம் என்று யாராவது "டிவிஷன்" கேட்டால்தான் பெயர் பதிவாகும். மக்களவையில் மூன்றரை நிமிடம் மணி அடிப்பார்கள். கேன்டீனில் இருப்பவர், மைய மண்டபத்தில் பேசிக்கொண்டிருப்பவர் எல்லாரும் ஓடி வர வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். இருக்கையில் உள்ள பொத்தான்களில் பச்சை ஆதரவுக்கு, சிவப்பு எதிர்ப்புக்கு, மஞ்சள் 'வாக்களிக்கவில்லை' என்பதற்கு. பொத்தான் வேலை செய்யாதவர்களுக்கும் தப்பாக அழுத்தியவர்களுக்கும் சீட்டு தருவார்கள். அதனால் திரையில் முதலில் வரும் எண்ணை நம்பிவிடாதீர்கள். 2024 டிசம்பர் 17 அன்று 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவை அறிமுகம் செய்யும்போது திரையில் 220-149 என்று வந்தது. சீட்டுகளையும் எண்ணிய பிறகு 269-198.

பெயர்ப் பட்டியல் அன்றைய விவாதத்தின் முழு எழுத்துப் பதிவில் இருக்கும். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் தேதியைப் போட்டு இறக்கிக்கொள்ளலாம். சீட்டில் வாக்களித்தவர்களின் பெயர் பட்டியலுக்குக் கீழே அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் வரும். அதையும் பார்க்காமல் "எங்கள் எம்.பி. பெயரைக் காணோம்" என்று பதிவு போட்டுவிடாதீர்கள்.

அரசியல் சட்டத் திருத்தம் என்றால் கவலையில்லை. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று 368ஆவது பிரிவு கேட்பதால் எண்ணித்தான் ஆக வேண்டும். மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா 2023இல் 454-2 என்று நிறைவேறியதும், எதிர்த்த இருவர் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும் என்று உடனே தெரிந்ததும் இதனால்தான்.

கோவையிலிருந்து: டிவிஷன் கேட்டால் கட்டாயம் தர வேண்டுமா மேடம்?

தர வேண்டும் என்பதுதான் மரபு. மக்களவை விதியில் ஒரு சந்து இருக்கிறது. தேவையில்லாமல் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் நினைத்தால், எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணிவிடலாம். பெயர் பதிவாகாது.

பெரிய சண்டை நடந்தது மாநிலங்களவையில். 2020 செப்டம்பர் 20, வேளாண் மசோதாக்கள். தேர்வுக் குழுவுக்கு அனுப்பத் தீர்மானம் கொடுத்திருந்த திருச்சி சிவா டிவிஷன் கேட்டார். துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார். கேட்பவர் தன் இருக்கையில் இருந்து கேட்க வேண்டும், அவையும் ஒழுங்கில் இருக்க வேண்டும் என்பது அவர் தரப்பு. சிவா இருக்கையில் இருந்துதான் கேட்டார் என்பது பிறகு வீடியோ பதிவில் தெரிந்தது. அவை ஒழுங்கில் இல்லையே என்று பதில் வந்தது. மறுநாள் எட்டு எம்.பி.க்கள் இடைநீக்கம். நாடு முழுக்க விவசாயிகள் போராடிய ஒரு சட்டத்துக்கு, மாநிலங்களவையில் யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்ற பட்டியலே கிடையாது. யார் வேண்டுமானாலும் இன்றைக்கு "நான் அன்றே எதிர்த்தேன்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

வேலூரிலிருந்து: வெளிநடப்பும் எதிர்ப்புதானே? ஏன் அதைக் குறை சொல்கிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

2012 டிசம்பர் 5. சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டை எதிர்த்து மக்களவையில் பாஜகவின் சுஷ்மா ஸ்வராஜ் தீர்மானம். விவாதத்தை எந்த விதியின் கீழ் நடத்துவது என்றே அதற்கு முன் பெரிய இழுபறி. 193 என்றால் பேசிவிட்டுக் கலையலாம். 184 என்றால் கடைசியில் வாக்கெடுப்பு உண்டு. 184 என்று முடிவானது. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் அந்நிய முதலீடு வேண்டாம் என்றே பேசினார்கள். சமாஜ்வாதித் தலைவர் முலாயம் சிங் பேச்சைக் கேட்டால் தீர்மானத்துக்கு அவர்தான் முதல் ஓட்டு போடுவார் என்று தோன்றும். பேசிவிட்டு இரு கட்சிகளும் எழுந்து போய்விட்டன. முடிவு: தீர்மானத்துக்கு ஆதரவு 218, எதிர்ப்பு 253. அரசு பிழைத்தது.

சமாஜ்வாதிக்கு 22 பேர், பகுஜன் சமாஜுக்கு 21 பேர். பேசியபடியே வாக்களித்திருந்தால் 218 என்பது 261 ஆகியிருக்கும். வெளிநடப்பால் காப்பாற்றப்பட்டது யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். திமுகவின் கதை வேறு மாதிரி. அந்தச் செப்டம்பரில் இதே விஷயத்துக்காக நடந்த பந்த்தில் கலந்துகொண்ட கட்சி, டிசம்பரில் தன் 18 உறுப்பினர்களோடு அரசுப் பக்கம் வாக்களித்தது. பாஜக லாபமடையக் கூடாது என்று காரணமும் சொன்னது. எனக்கு அந்தக் காரணத்தில் உடன்பாடில்லை. ஆனாலும் வெளிப்படையாகப் பொத்தானை அழுத்தியதால் இன்றைக்கு அதைக் கேள்வி கேட்க முடிகிறது. எழுந்து போனவர்களிடம் கேட்டால், "நாங்கள் எதிர்த்தோமே" என்பார்கள்.

இன்னொன்று, முத்தலாக் தடை மசோதா. 2019 ஜூலை 25 அன்று மக்களவையில் அதிமுகவின் ஒரே உறுப்பினர் ரவீந்திரநாத் குமார் மசோதாவை ஆதரித்துப் பேசினார். ஐந்து நாள் கழித்து மாநிலங்களவையில் அதே கட்சியின் நவநீதகிருஷ்ணன் எதிர்த்துப் பேச, கட்சி வெளிநடப்பு செய்தது. நிதீஷ் குமாரின் ஐக்கிய ஜனதா தளமும் வெளியே போனது. மசோதா 99-84 என்று நிறைவேறியது. வெளியே போன அதிமுகவினர் 11 பேரும், ஐக்கிய ஜனதா தளத்தினர் 6 பேரும் உள்ளே இருந்து எதிர்த்திருந்தால் 101. ஆளும் தரப்பும் அதற்கேற்ப இன்னும் நாலு பேரைத் திரட்டியிருக்கும், அது வேறு விஷயம். முஸ்லிம் வாக்காளர்கள் கணிசமாக இருக்கும் உங்கள் வேலூரில் ஆகஸ்ட் 5 அன்று மக்களவைத் தேர்தல் இருந்தது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

தேனியிலிருந்து: ஒரே கட்சி, இரண்டு அவையில் இரண்டு நிலைப்பாடு. கொறடா உத்தரவு என்ன ஆனது?

கொறடா (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவு போடுபவர்) அவைக்கு அவை தனி. மக்களவையில் ஒரே ஒரு உறுப்பினர்தான் என்றால் அவருக்கு அவரே குழுத் தலைவர், அவரே எல்லாம். கட்சித் தலைமை கேள்வி கேட்டால்தான் உண்டு. அதே உறுப்பினரை 2022இல் கட்சி நீக்கியது, அவரை அதிமுக எம்.பி.யாகக் கருத வேண்டாம் என்று சபாநாயகருக்குக் கடிதமும் எழுதியது. ஆனால் கட்சி நீக்கினாலும் பத்தாவது அட்டவணையின் (கட்சித் தாவல் தடைச் சட்டம்) கண்ணுக்கு அவர் அந்தக் கட்சிக்காரர்தான் என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதுவும் தமிழ்நாடு சட்டமன்ற வழக்கு, ஜி.விஸ்வநாதன் வழக்கு.

ஈரோட்டிலிருந்து, கல்லூரி மாணவர்: மனச்சாட்சிப்படி வாக்களிக்க முடியாதா?

முடியும், பதவி போகலாம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும் குற்றம், வாக்களிக்காமல் இருந்தாலும் குற்றம். 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் தப்பிக்கலாம். ஆட்சி கவிழும் அளவுக்கான விஷயங்களுக்கு மட்டும் இந்தச் சட்டம் போதாதா என்பது பழைய விவாதம். காங்கிரஸின் மனீஷ் திவாரி இதற்காகத் தனிநபர் மசோதாவே (அமைச்சராக இல்லாத உறுப்பினர் தானே கொடுக்கும் மசோதா) கொண்டுவந்தவர்.

என் கருத்து: எம்.பி.யின் வாக்கைக் கட்சியின் வாக்காகவே படியுங்கள். ஆளைத் தெரிந்துகொள்ள அவர் கொடுத்த திருத்தங்களையும், தனிநபர் மசோதாக்களையும், நிலைக்குழுவில் எழுதிய மாற்றுக் கருத்தையும் பாருங்கள். 2015 ஏப்ரல் 24 அன்று திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. ஒரு தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது 45 ஆண்டுகளில் அதுதான் முதல் தடவை. அப்படியே சட்டமாகவில்லைதான், ஆனால் அந்த மாதிரி வேலையில்தான் ஆள் தெரிவார்.

விழுப்புரத்திலிருந்து: கூட்டணிக் கட்சிக்காரர் உதயசூரியனில் நின்று ஜெயித்தால் யாருடைய கொறடா?

திமுகவின் கொறடா. எந்தச் சின்னத்தில், எந்தக் கட்சி வேட்பாளராக ஜெயித்தாரோ அதுதான் அவையில் அவர் கட்சி. 2019இல் உங்கள் ரவிக்குமார் விசிக பொறுப்பாளர், ஆனால் மக்களவைக் கணக்கில் திமுக. 2024இல் பானைச் சின்னத்தில் ஜெயித்ததால் விசிக கணக்கு. தனிச் சின்னத்துக்காகச் சின்னக் கட்சிகள் ஏன் அவ்வளவு மல்லுக்கட்டுகின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னையிலிருந்து: மேடையில் ஒன்று, வாக்கு ஒன்று என்பதற்குச் சமீபத்திய உதாரணம் இருக்கிறதா?

குடியுரிமைத் திருத்தச் சட்டம். 2019 டிசம்பரில் மாநிலங்களவையில் ஆதரவு 125. அதில் அதிமுகவின் 11 வாக்குகளும் அடக்கம். 2021 தேர்தல் அறிக்கையில் அதே கட்சி, இந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று வாக்குறுதி கொடுத்தது. மனம் மாறுவது தப்பில்லை. ஏன் மாறினோம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். 2025இல் வக்பு திருத்த மசோதாவை எதிர்த்து வாக்களித்த அதே கட்சி, சில நாட்களிலேயே பாஜகவோடு கூட்டணி அறிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

எதிர்த்தரப்புக்கும் ஒன்று. 2019 ஜூலையில் என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) திருத்த மசோதா மக்களவையில் 278-6. அப்போது திமுகவுக்கு 23 உறுப்பினர்கள். பட்டியலைத் திறக்காமலே தெரிகிறது, கட்சி மொத்தமாக எதிர்த்திருக்க வழியே இல்லை. பெரிய தீர்மானம் எதற்கும் முதலில் இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்து பாருங்கள். பாதிப் பெருமை அங்கேயே உதிர்ந்துவிடும்.

திருநெல்வேலியிலிருந்து: "நாடாளுமன்றத்தில் முழங்கினார்" என்று தினமும் வீடியோ வருகிறதே அக்கா?

நானே அப்படிப்பட்ட தலைப்புகள் எழுதியிருக்கிறேன். "கேள்வி எழுப்பினார்" என்றால் பெரும்பாலும் நட்சத்திரக் குறி இல்லாத கேள்வி. எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வரும், அவர் வாயே திறந்திருக்க மாட்டார். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழிப் பதிலுக்கு 20 கேள்விகள், எழுத்துப் பதிலுக்கு 230. அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் பேசினால் அமைச்சர் அங்கேயே பதில் சொல்லக் கட்டாயமில்லை. வீடியோவில் பின்வரிசை காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நாடாளுமன்றத் தகவல்களைத் தொகுக்கும் பி.ஆர்.எஸ். தளத்தில் வருகை, கேள்வி, விவாத எண்ணிக்கை எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் எண்ணிக்கையை வைத்து மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். ஒரே கேள்வியை ஊர் பெயர் மாற்றி மாற்றிக் கேட்டும் எண்ணிக்கையை ஏற்றலாம்.

திருப்பூரிலிருந்து: துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் யார் மாற்றிப் போட்டார்கள்?

தெரியாது, தெரியவும் கூடாது. அது ரகசிய வாக்கு, கொறடா உத்தரவும் போட முடியாது. 2025 செப்டம்பரில் உங்கள் ஊர்க்காரர் சி.பி.ராதாகிருஷ்ணனுக்கு 452, சுதர்சன் ரெட்டிக்கு 300, செல்லாதவை 15. அந்த 15 பேர் யார் என்று பெயரோடு பதிவு போடுகிறவர்கள் கதை விடுகிறார்கள்.

மட்டக்களப்பிலிருந்து: அக்கா, இலங்கையில் கட்சி மாறி வாக்களித்தால் இவ்வளவு கெடுபிடி இல்லையே?

அங்கே கட்சி முதலில் அவரை நீக்க வேண்டும். நீக்கப்பட்டவர் ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் போகலாம். அங்கே பெரும்பாலும் உறுப்பினர்தான் ஜெயித்து வந்தார். 2020இல் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் 156-65 என்று நிறைவேறியபோது எதிர்க்கட்சி வரிசையில் இருந்தும் வாக்குகள் போனதற்கு அந்தத் தைரியமும் ஒரு காரணம். ஆனால் 2023 அக்டோபரில் உங்கள் மாவட்டத்து நசீர் அஹமட்டை முஸ்லிம் காங்கிரஸ் நீக்கியது செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது, பதவியும் போனது. இனி அங்கேயும் யோசிப்பார்கள்.

கும்பகோணத்திலிருந்து: வராதவர்கள் பெயர் பட்டியலில் இருக்குமா?

இருக்காது. வாக்களித்தவர்களின் பெயர் மட்டும்தான். கழித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். வருகைப் பதிவேட்டை வைத்தும் சொல்ல முடியாது. காலையில் வருகையைப் பதிந்துவிட்டு மாலை விமானம் பிடித்தவருக்கும் அன்று "வருகை"தான். வக்பு மசோதா மக்களவையில் நள்ளிரவு தாண்டித்தான் வாக்கெடுப்புக்கு வந்தது: 288-232. கூட்டினால் 520. அவையின் மொத்த இடம் 543. அந்த விவாதப் பதிவின் கடைசிப் பக்கங்களை இறக்கி, அடிக்குறிப்பையும் சேர்த்து, உங்கள் எம்.பி.யின் பெயரை ஆங்கில அகர வரிசையில் தேடுங்கள். முன்னெழுத்தை வைத்தும் சில சமயம் அடுக்கியிருப்பார்கள், இரண்டு இடத்திலும் பாருங்கள்.