தேடுகிறவரின் தடம்

அன்புள்ள ஐயா,

பிரவுசருக்கான ஒரு தேடல் கருவியை வடிவமைக்கும் குழுவில் இருக்கிறேன். பயனர்கள் இருபது டேப்களைத் திறந்துவைத்துத் தடுமாறுகிறார்கள். எதைத் தேடுகிறோம் என்றே பலருக்குத் தெரிவதில்லை. முதல் கிளிக்கிலேயே விடை கிடைக்கும்படி செய்துவிட்டால் போதும்தானே? டேப்களை மேலே வைப்பதா, பக்கவாட்டிலா?

ர.

அன்புள்ள ர.,

டேப் எங்கே இருக்கலாம் என்பதை நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள். ‘எதைத் தேடுகிறோம் என்றே தெரிவதில்லை’ என்கிறீர்களே, சில நாட்களாக என் மனதில் ஓடுவதும் அதுதான். தெரிந்திருந்தால் எதற்குத் தேடுகிறார்கள்? தயவுசெய்து அதை அவர்களுடைய குறையாக எழுதாதீர்கள்.

அப்பாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு) அதிகம் என்றிருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் தேடத் தொடங்கினேன். படிக்கப் படிக்கக் கேள்வியே மாறியது. சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒரு பக்கத்தில் பார்த்தபோதுதான், அவர் மூட்டுவலிக்கு விழுங்கிவந்த மாத்திரை நினைவுக்கு வந்தது. மருத்துவரிடம் கேட்கவேண்டியது அதைத்தான். முதல் கிளிக்கில் வரும் விடை, கிரியேட்டினின் என்றால் என்ன என்பதோடு நின்றிருக்கும். தகவல் தேடலை ஆராய்ந்த மார்சியா பேட்ஸ் 1989-லேயே இதை விளக்கிவிட்டார்: தேடல் என்பது புதர் புதராகப் போய்ப் பழம் பறிப்பது, போகிற வழியில் கேள்வியும் மாறும்.

ஆனால் வலி மாத்திரை பற்றிய அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போக முடியவில்லை. பேக் பட்டன் வேலைசெய்யும் விதத்தைப் பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் போகிறீர்கள். முதலாவதுக்குத் திரும்பி வேறொரு இணைப்பைத் தொட்டால், இடையில் பார்த்த இரண்டும் அதன் அடுக்கிலிருந்து போய்விடும். ஹிஸ்டரியில் இருக்குமே என்பீர்கள். இருக்கும், நேர வரிசையில். எதிலிருந்து எதற்கு, ஏன் போனோம் என்பது அங்கே இல்லை. பிரவுசரை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று டாஷரும் கிரீன்பெர்க்கும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கங்களுக்குப் போனதில் 58 சதவீதம் முன்பே பார்த்த பக்கத்துக்குத் திரும்பியதுதான். இவ்வளவு திரும்பி வருகிறவர்களுக்கு, கிளை பிரிந்ததுமே வழியை அழித்துவிடும் ஒரு பட்டன்! அமெரிக்கப் பொறியாளர் வனேவர் புஷ் 1945-இல் கற்பனை செய்த இயந்திரத்தில்கூட ஒருவர் போன தடம் அழியாமல் இருக்கும், இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியும்.

அந்த இருபது டேப்களும் தடுமாற்றம் இல்லை, தம்பி. மூடினால் தொலைந்துவிடும் என்ற பயம். கிளைகளோடு தடத்தைக் காட்டுங்கள், அதற்குப் பெயரிட்டு வைக்கவும் வீட்டில் இன்னொருவருக்கு அனுப்பவும் விடுங்கள். அப்புறம் எனக்கும் அனுப்புங்கள், பயன்படுத்திப் பார்க்கிறேன்.