அம்மாவுக்கு வரும் போர் வீடியோக்கள்

கொட்டகலைத் தம்பிக்கு, வாட்ஸ்அப்பில் வரும் ஏவுகணை வீடியோக்களைப் பார்த்துவிட்டு, குவைத்தில் வேலை செய்யும் அக்காவை நினைத்து அம்மா தூங்குவதே இல்லை, எது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள்.

எங்கள் லயத்திலும் இதே கதைதான். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வந்த ஒன்றை வாங்கிப் பார்த்தேன். தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அவ்வளவு பெரிய குண்டு வெடித்தும் படம் பிடித்தவர் ஒரு சத்தம் போடவில்லை. இது கணினி விளையாட்டோ என்று அப்போதே சந்தேகம் வந்தது. ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் போர்க் காட்சிகளாகச் சுற்றுவதாக, அதைத் தயாரித்த நிறுவனமே 2022இல் எச்சரித்திருந்தது. வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே இணையத்தில் தேடித் தரும் கூகுள் லென்ஸில் போடுங்கள். பழையது என்றால் பல நேரம் அகப்பட்டுவிடும்.

சிலர் லைக்குக்காகப் போடுகிறார்கள், சரி. ஆனால் பயமுறுத்துவதும் குழப்புவதும் போரில் ஓர் ஆயுதம். 2022 மார்ச்சில், உக்ரைன் ஜனாதிபதி செலென்ஸ்கி தன் படையினரைச் சரணடையச் சொல்வதுபோல ஒரு போலி வீடியோ வந்தது. தலையும் உடம்பும் ஒட்டவே இல்லை. அவரே உடனே பேசி மறுத்தார். அதைவிட முக்கியம், இப்படி ஒன்று வரலாம் என்று அரசு முன்கூட்டியே மக்களிடம் சொல்லி வைத்திருந்தது.

அம்மாவிடமும் அப்படியே முன்னாலேயே சொல்லி வையுங்கள். அப்புறம், அக்காவைத் தினமும் வேலை முடிந்ததும் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கள்.