பழைய கார் எஞ்சினுக்கு எந்த ஃபேன்? கேள்வி பதில்

அம்பாசடர், பத்மினி, ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் கோடைக்கு முன் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

மதுரை, அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல்: சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நின்னா டெம்பரேச்சர் முள் ஏறுது. பைபாஸ்ல போனா இறங்கிடுது. எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டலாமா அண்ணே?

நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்றால் குறை காற்றில்தான். ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஃபேனுக்கு வேலை இருப்பது அதற்குக் கீழேதான். ஆகவே நீங்கள் சந்தேகப்படுவது சரி. ஆனாலும் புது ஃபேன் வாங்கும் முன் இருக்கிற ஃபேன் முழு வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

முதலில் ஃபேனையும் வாட்டர் பம்பையும் சுற்றவைக்கும் பெல்ட். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 12 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கலாம். இறுக்கம் சரியாக இருந்தாலும் புல்லியின் பள்ளத்துக்குள் பாருங்கள். வி பெல்ட் பக்கச் சுவர்களில்தான் பிடிக்க வேண்டும். பள்ளத்தின் அடி பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்குகிறது என்று பொருள். அதை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் வாட்டர் பம்ப் பேரிங்தான் போகும்.

அடுத்தது ஷ்ரௌட், அதாவது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரோடு சேரும் கூடு. அது இல்லாத ஃபேன் ரேடியேட்டர் வழியாக வரும் காற்றை இழுப்பதற்குப் பதில், எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். தகரப் பட்டறையில் கொடுத்து ஒரு கூடு செய்துகொள்ளுங்கள். ரேடியேட்டரின் நான்கு ஓரங்களிலும் காற்று ஒழுகாமல் உட்கார வேண்டும். பிளேடு நுனிக்கும் கூட்டுக்கும் சுற்றிலும் 15 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி, பிளேடின் அகலத்தில் பாதி கூட்டுக்குள், பாதி வெளியே. இடைவெளியை இன்னும் குறைக்க ஆசைப்படாதீர்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும். மவுண்ட் நைந்திருந்தால் பிரேக் அடிக்கும்போது முன்னால் வந்து பிளேடு ரேடியேட்டரின் கோரையே, அதாவது தண்ணீர்க் குழாய்கள் உள்ள நடுப்பகுதியையே, கிழித்துவிடும்.

பிறகு ஒரு செய்தித்தாள் தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்துப் பாருங்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது, தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நழுவி விழுந்தால் காற்று போதவில்லை. இத்தனைக்கும் பிறகு முள் ஏறினால் எலெக்ட்ரிக் ஃபேன் போடுங்கள்.

வாங்கும்போது அட்டையில் எழுதியிருக்கும் காற்றளவை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் எதிரே ரேடியேட்டர் இல்லாமல் எடுத்த கணக்கு. எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கேளுங்கள். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் ஃபேன் 60 வாட்தான், 10 ஆம்பியர் என்றால் 120 வாட். மோட்டாருக்குள் போகாத சக்தி காற்றாக வெளியே வராது. மாருதி 800-இன் ஃபேனைப் பலர் மாட்டுகிறார்கள். அது 796 சிசி எஞ்சினுக்குச் செய்தது. உங்கள் எஞ்சின் கிட்டத்தட்ட அதைப்போல் இரண்டு மடங்கு. பழைய ஃபேனுக்குத் துணையாக இருக்கலாம், தனியாகத் தாங்காது.

இடம் இருந்தால் ரேடியேட்டருக்குப் பின்னால், இழுக்கிற வகையாகப் போடுங்கள். முன்னால் நின்று தள்ளுகிற வகை, ஓடும்போது எதிர்க்காற்றை மறைக்கும். எப்படிப் போட்டாலும் பிளாஸ்டிக் டையைக் கோருக்குள் நுழைத்துக் கட்டாதீர்கள். அதிர்வில் டை குழாயை அறுத்து ஒழுகவிடும். ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் பட்டைக் கம்பி வைத்து போல்ட் போடுங்கள்.

காரைக்குடி, அம்பாசடர் மார்க் 1, பாசிட்டிவ் எர்த்: எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டினதுக்கு அப்புறம் சூடு கூடிப்போச்சு. ஏன்?

உங்கள் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கிறது, ஃபேனோ நெகட்டிவ் பாடியில் சேரும் வண்டிக்குச் செய்தது. அதனால் ஃபேன் திருப்பிச் சுற்றுகிறது. எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. சிவப்பு வயரை பாடியிலும் கறுப்பை லைவிலும் கொடுத்துப் பாருங்கள். மோட்டாரின் உறை உள்ளுக்குள்ளேயே எர்த் ஆகியிருந்தால் இப்படி மாற்றக்கூடாது, முதலில் மீட்டர் வைத்துப் பார்க்கவும். பிளேடை மட்டும் கழற்றித் திருப்பிப் போட்டால் காற்றின் திசை மாறாது. வளைவு தப்பான பக்கம் போய்க் காற்றுதான் குறையும். இழுக்கும் ஃபேனைத் தள்ளும் ஃபேனாக்க வேண்டுமென்றால் பிளேடு, வயர் இரண்டையும் மாற்ற வேண்டும்.

திருச்சி, பத்மினி: நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டா ஃபேனே மாத்த வேண்டாம்னு மெக்கானிக் சொல்றார்.

கழற்றாதீர்கள். தெர்மோஸ்டாட் என்பது எஞ்சின் சூடான பிறகே தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. முழுதாகத் திறந்தால் அது தண்ணீர் ஓட்டத்தைத் தடுப்பது கொஞ்சமே. அதை எடுத்தால் சிக்னலில் சூடு குறையாது. காலையிலும் நெடுஞ்சாலையிலும் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராது. சோக்கை அதிக நேரம் இழுத்து வைக்க வேண்டிவரும், பெட்ரோல் ஆயிலில் இறங்கும், சிலிண்டர் போர் தேயும். சந்தேகம் இருந்தால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

சேலம்: வோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு எந்த ரேடியேட்டர் ஃபேன்?

அதில் ரேடியேட்டரே இல்லை. மின்சாரம் தரும் டைனமோவின் தண்டில் இருக்கும் ஃபேன்தான் எஞ்சினைக் குளிர்விக்கிறது. பெல்ட் அறுந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள்.

கோவை, ஹெரால்ட்: டைனமோ வண்டியிலயே எலெக்ட்ரிக் ஃபேன் ஓட்டலாம். பேட்டரி தீர்ந்துடும்னு சும்மா பயமுறுத்தாதீங்க.

சென்னை, அம்பாசடர் (கோவைக்காரருக்கு): ஓட்டலாம், ராத்திரி தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். டைனமோவுக்குப் பதிலா ஐடில்லயும் சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் போடுங்க.

கோவை: ஆல்டர்னேட்டர் போட்டா அது ஹெரால்டே இல்லை. மெட்ராஸ்ல செஞ்ச வண்டியை அப்படியே வெச்சிருக்கணும்.

இருவரும் கணக்கைப் பாருங்கள். லூகாஸ் சி40 டைனமோவின் உச்சம் 22 ஆம்பியர். ஃபேன் 9, ஹெட்லைட் 45 வாட் இரண்டுக்கு 7.5, இக்னிஷன் காயிலுக்கு 3 முதல் 4, பின்விளக்கும் மீட்டர் விளக்கும் 2. கூட்டினால் 22-ஐத் தொடுகிறது, ஹாரனும் வைப்பரும் இன்னும் சேரவில்லை. அதுவும் வேகமாகச் சுற்றும்போதுதான். ஐடிலில் டைனமோ சார்ஜே செய்யாது, சிவப்பு விளக்கு எரிவது அதனால்தான். எலெக்ட்ரிக் ஃபேன் ஓடுவதோ அதே ஐடிலில். மொத்தமும் பேட்டரியிலிருந்து போகும்.

எனவே கோவைக்காரர் பகலில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால், பழைய ஃபேனைக் கழற்றாமல், துணையாக 6, 7 ஆம்பியர் ஃபேன் ஒன்றைச் சுவிட்சில் வைத்துக்கொள்ளலாம். வண்டியின் மூல வடிவத்தைக் காப்பது எனக்கும் பெரிய விஷயம். அதற்கு ஆல்டர்னேட்டரைவிட நல்ல வழி, ரேடியேட்டர் கோரைப் புதுப்பிப்பதும் ஷ்ரௌடும்தான். வெளியில் தெரியாது, ஒரு ஆம்பியரும் தின்னாது.

சென்னைக்காரருக்கு: ஆல்டர்னேட்டர் போடும் முன் வண்டி எந்த எர்த் என்று பாருங்கள். பாசிட்டிவ் எர்த்தில் சாதாரண ஆல்டர்னேட்டரைக் கொடுத்தால் டயோடு உடனே போய்விடும்.

கோவை: அப்போ நான் சொன்னதுதான் சரி.

பகலுக்குச் சரி. இரவுக்குச் சென்னைக்காரர் சொன்னது சரி. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

ஈரோடு, பத்மினி: ரிலே கனெக்ஷன் எப்படி?

ரிலே என்பது சிறு மின்சாரத்தால் ஃபேனின் பெரிய மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச், கீழே வரும் எண்கள் அதன் முனைகளில் பொறித்திருப்பவை. பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30. ஃபேனுக்கு 87. இக்னிஷனிலிருந்து 86. 85-லிருந்து தெர்மோ சுவிட்ச் (தண்ணீரின் சூட்டில் இயங்குவது), அதிலிருந்து எர்த். 10 ஆம்பியர் ஃபேனுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். ஃபேனின் எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள், பாதி வண்டிகளில் ஃபேன் மெதுவாகச் சுற்றக் காரணம் அதுதான். தெர்மோ சுவிட்சை ரேடியேட்டரின் மேல் டேங்கில் வைத்தால் 92 டிகிரியில் ஓடி 87 டிகிரியில் நிற்கும் வகை பொருந்தும். ரேடியேட்டர் பட்டறையில் பித்தளை புஷ் பற்றவைக்கச் சொல்லுங்கள். ஹோஸுக்குள் கம்பி நுழைக்கும் வகை, நுழையும் இடத்தில் ஒழுகும். கோரில் டை கட்ட வேண்டாம், முன்பே சொன்னதுதான்.

தஞ்சாவூர்: 80-ல போனாத்தான் சூடாகுது. பெரிய ஃபேன் போடவா?

வேண்டாம், அது ஃபேன் குறை அல்ல. அடைத்த கோர், பிந்திய இக்னிஷன் டைமிங், வேகத்தில் உறிஞ்சிச் சப்பையாகும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், இந்த வரிசையில் பாருங்கள்.

நாகர்கோவில்: தெர்மோஸ்டாட் எடுத்துட்டா...

மேலே திருச்சிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

விழுப்புரம்: தெர்மோஸ்டாட் இல்லாமலே பத்து வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகலையே?

தேய்மானம் சத்தம் போடாது. ஆயில் குச்சியை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் அதுதான் பதில்.

புதுச்சேரி, அம்பாசடர்: நாலு பிளேடு இரும்பு ஃபேனை ஆறு பிளேடு பிளாஸ்டிக்கா மாத்தலாமா?

தாராளமாக. ஐடிலில் காற்று கூடும். இரும்பு ஃபேனையே வைத்திருப்பதானால் ரிவெட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை பாருங்கள். இருந்தால் வெல்டிங் செய்யாமல் தூக்கிப் போடுங்கள். வெல்டிங் செய்த பிளேடு மறுபடி அதன் ஓரத்தில்தான் உடையும், உடைந்தால் பானெட்டைத் துளைத்துக்கொண்டு வரும். வளைந்த பிளேடை அடித்து நிமிர்த்தவும் வேண்டாம், பேலன்ஸ் போய் பம்ப் பேரிங் போகும்.

வேலூர், அம்பாசடர்: எலெக்ட்ரிக் போட்டாச்சு, பழைய ஃபேனைக் கழட்டிட்டேன். இப்போ பம்ப் பக்கம் கரகரன்னு சத்தம்.

ஃபேனையும் புல்லியையும் சேர்த்துப் பிடிப்பவை அதே நான்கு போல்ட்கள். ஃபேனின் தடிமன் போனதும் பழைய போல்ட் நீளமாகி, புல்லி இறுகும் முன்பே முட்டி நின்றிருக்கலாம், அல்லது நுனி பம்ப் உடம்பில் உரசலாம். எஞ்சினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், எலெக்ட்ரிக் ஃபேன் எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. ஃபேனின் தடிமனுக்குச் சமமாக வாஷர் கொடுங்கள், இல்லையென்றால் அந்த அளவு குட்டையான போல்ட் போட்டு நான்கையும் ஸ்பிரிங் வாஷரோடு இறுக்குங்கள். அதற்குப் பிறகும் சத்தம் வந்தால் பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பம்ப் பேரிங் போயிருக்கிறது.