கையில் காசு நிலையில்லாதபோது ஜகாத்: கேள்வி பதில்

எங்கள் பள்ளிவாசல் மஹல்லாவில் பல வருடமாக ஜகாத் (வசதியுள்ள முஸ்லிம்கள் வருடாவருடம் கொடுக்க வேண்டிய கட்டாய தர்மம்) கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். இந்த ரமலானுக்கு முன் வந்த கேள்விகளில் பாதி, நாளையை நினைத்த பயத்தில் கேட்டவை.

கேள்வி: பாய், துபாயில் வேலை போய் ஊர் வந்து 4 மாதம். பேங்கில் 5 லட்சம் ஒரு வருடத்துக்கு மேலாகக் கிடக்கிறது. அடுத்த வேலை எப்போது என்றே தெரியவில்லை. ஜகாத் கடமையா?

பதில்: கடமைதான் தம்பி. நிஸாப், அதாவது ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு, ஹனஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்ட வழிகளில் ஒன்று) கணக்கில் சுமார் 612 கிராம் வெள்ளியின் அன்றைய விலை. உங்கள் சேமிப்பு அதைத் தாண்டி நிற்கிறது. 2.5 சதவீதம், 12,500 ரூபாய். இப்போது அடைக்க வேண்டிய கடன் இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள். நாளை வரலாம் என்று பயப்படுகிற செலவைக் கழிக்க முடியாது. ஷைத்தான் வறுமையைக் காட்டிப் பயமுறுத்துகிறான் என்று குர்ஆன் 2:268 சொல்வது இந்தப் பயத்தைத்தான். சேமிப்பு கரைந்து அடுத்த வருட முடிவில் நிஸாபுக்குக் கீழே போய்விட்டால் உங்கள் மேல் எதுவும் இல்லை.

கேள்வி: 12 பவுன் நகை இருக்கிறது, ரொக்கம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஆட்டோ ஓடினால்தான் வருமானம். என்ன செய்வது?

பதில்: இன்னொரு சட்ட வழியான ஷாஃபி மத்ஹபில், வழக்கமான அளவில் அணிகிற நகைக்கு ஜகாத் இல்லை. ஹனஃபி என்றால் உண்டு: 2.4 கிராம் தங்கத்தின் விலை. மாதாமாதம் கொஞ்சமாக முன்கூட்டியே கொடுத்து வரலாம் தங்கச்சி.

கேள்வி: கடையில் நஷ்டம். கொடுத்தால் பரக்கத் (இறையருளால் பெருக்கம்) வரும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது ஸதகா (விரும்பிக் கொடுக்கும் தர்மம்) கொடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம். மனம் கனத்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர் இப்படித்தான் கொடுத்தார். அரிசி மண்டிக்குப் பாக்கி, பிள்ளையின் ஃபீஸ் பாக்கி. நோட்டைத் திறந்து காட்டியபோது அவர் விரல் நடுங்கியது. தர்மத்தால் செல்வம் குறையாது என்ற ஹதீஸை (நபிமொழியை) நானும் முழுதாக நம்புகிறேன். உன் பொறுப்பில் இருப்பவர்களிடமிருந்து தொடங்கு என்பதும் ஹதீஸ்தான். நபித்தோழர் ஸஅத் பின் அபீ வக்காஸ் தம் சொத்து முழுவதையும் தர்மமாக எழுத நினைத்தபோது, மூன்றில் ஒரு பங்கு போதும், அதுவே அதிகம் என்றார்கள் நபி (ஸல்). முதலில் மண்டிக்காரரின் பாக்கியை அடையுங்கள்.

கேள்வி: நேற்றுவரை கொடுத்தவன் நான். இப்போது கடனாளியாகி, ஜகாத் வாங்கக் கூசுகிறது.

பதில்: ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடனாளியும் ஒருவர் (9:60). அது உங்கள் உரிமை. இமாமிடம் தனியாகச் சொல்லுங்கள். கொடுப்பவரின் நிய்யத் (மனதில் கொள்ளும் எண்ணம்) போதும், இது ஜகாத் என்று உங்களிடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை.