கூர்மையான திரைக்காகக் கைப்பேசியை மாற்றலாமா? – கேள்வி பதில்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில், கொம்தார் கட்டடத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில், கைப்பேசி பழுதுபார்க்கும் மேசைக்குப் பின்னால் 14 ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். உடைந்த திரையோடு வருகிறவர்களிடம் செலவைச் சொன்னதும், "இதற்குக் கொடுக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டு, இதைவிடக் கூர்மையான திரை உள்ளதாக ஒன்றை வாங்கிவிடலாமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நின்றபடியே பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அன்று அது. ஆகவே ஐயங்களை எழுதித் தரச் சொன்னேன். வந்தவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): ஐயா, என் கைப்பேசியின் திரை 2400-க்கு 1080. கடையில் 3200-க்கு 1440 திரையுள்ள ஒன்றைக் காட்டி, "இரண்டு மடங்கு தெளிவு" என்கிறார்கள். உண்மையா?

பதில்: அந்த எண்கள், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் திரையில் உள்ள பிக்சல்களை, அதாவது படத்தை உருவாக்கும் நுண்புள்ளிகளைக் குறிக்கின்றன. அவற்றின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ உண்மை: உங்களுடையதில் சுமார் 26 லட்சம், அதில் சுமார் 46 லட்சம். ஆனால் கண் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, நெருக்கத்தையே பார்க்கிறது. 6.5 அங்குலத் திரையில் உங்கள் பிக்சல்கள் அங்குலத்துக்கு 405 வீதம் அமைந்திருக்கின்றன, 6.8 அங்குலத் திரையில் அந்தப் புதிய கைப்பேசியுடையவை 516 வீதம் அமைந்திருக்கும்.

இந்த இரண்டு எண்களையும் கண்ணின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். மருத்துவர்கள் 6/6 என்று குறிக்கும் இயல்பான பார்வை, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும் பார்வையாகும். கைப்பேசியை 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால் அந்த இடைவெளி 0.087 மில்லிமீட்டர் ஆகிறது, அதாவது அங்குலத்துக்குச் சுமார் 290 பிக்சல்கள். 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் 4-ஐ 326 பிக்சல் நெருக்கத்தோடு அறிமுகப்படுத்தியபோது, கையில் பிடிக்கும் தொலைவில் 300-க்கு அருகிலேயே மனிதக் கண்ணின் எல்லை வந்துவிடுகிறது என்றார். திரைகளை அளந்து ஆராயும் ரேமண்ட் சோனிரா அதை மறுத்து, மிகக் கூர்மையான பார்வைக்கு ஓரடித் தொலைவில் 477 வரை தேவைப்படும் என்று கணக்கிட்டுக் காட்டினார். என் கணிப்பில் இருவருமே சரி. ஒருவர் சராசரிக் கண்ணைப் பற்றியும் மற்றவர் மிகச் சிறந்த கண்ணைப் பற்றியும் பேசினார்கள். உங்கள் 405 முதல் எல்லையைத் தாண்டிவிட்டது, இரண்டாவதற்கு அருகில் நிற்கிறது. அதற்கு மேல் கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பதைப் பார்க்க, கைப்பேசியை மூக்கருகே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

தயாரிப்பாளர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். 2015-இல் சோனி நிறுவனம் எக்ஸ்பீரியா இசட்5 பிரீமியத்தில் 5.5 அங்குலத்துக்குள் 4கே திரையையே (3840-க்கு 2160) அடக்கியது. ஆனால் அன்றாடப் பயன்பாட்டில் அக்கைப்பேசி 1080 அளவிலேயே இயங்கிக்கொண்டிருந்தது. சாம்சங் 2020-இல் கேலக்ஸி எஸ்20-க்கு 563 பிக்சல் நெருக்கம் தந்துவிட்டு, மறு ஆண்டே எஸ்21-இல் 421-க்கு இறங்கிவந்தது. 1440 திரையுள்ள சாம்சங் கைப்பேசிகளில் பல பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 1080-இல் அமைக்கப்பட்டிருக்கும். நாமே அமைப்புக்குள் போய் மாற்றினால்தான் முழு அளவுக்கு வரும். அப்படி மாற்றாமலேயே மூன்று ஆண்டுகள் பயன்படுத்தி, "என்ன தெளிவு, ஐயா!" என்று என்னிடம் வியந்தவர்கள் உண்டு.

கேள்வி (பட்டர்வொர்த்): வணக்கம் ஐயா. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் கைப்பேசி 6.5 அங்குலம், 1600-க்கு 720 திரை. மாணவர்கள் அனுப்பும் கட்டுரைகளை அதில்தான் திருத்துகிறேன். மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் சில நேரம் குழம்புகின்றன. கண்ணைச் சோதித்தாயிற்று, குறை இல்லை. மாற்றுவது வீண் செலவா?

பதில்: இல்லை அம்மா. எனக்கு வந்த கேள்விகளுள் திரையின் கூர்மைக்காகவே மாற்றலாம் என்று நான் சொல்லக்கூடிய ஒரே கேள்வி உங்களுடையது.

திரையைப் பற்றிய பேச்செல்லாம் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்தே நடக்கிறது. ஆங்கிலத்தின் சிறிய 'என்' எழுத்துக்கு நிற்கும் கால்கள் இரண்டே. நம் ண-வை எடுத்துக்கொள்ளுங்கள்: சுழிகளின் இருபக்கக் கோடுகளையும் கடைசிக் காலையும் சேர்த்தால், இடமிருந்து வலமாக ஐந்தாறு கோடுகளும் அவற்றுக்கு நடுவே அத்தனை இடைவெளிகளும் வரிசையாக நிற்கின்றன. உங்கள் திரையின் நெருக்கம் அங்குலத்துக்கு 270. கட்டுரையைச் சிறிய எழுத்தில் பார்க்கும்போது அந்த ண-வின் அகலம் இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதற்குள் உங்களுக்குக் கிடைப்பவை சுமார் 21 பிக்சல்கள். ஒரு கோட்டுக்கும் ஓர் இடைவெளிக்கும் தலைக்கு இரண்டு பிக்சல்கூடத் தேறாத நிலையில், கைப்பேசி ஓரங்களைச் சாம்பல் நிறத்தால் நிரப்பிச் சமாளிக்கிறது. சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மாணவர் "மனம் வீசியது" என்று எழுதியிருந்தாலும், உங்கள் அறிவு அதை "மணம் வீசியது" என்று தானே திருத்திப் படித்துவிடும். 405 நெருக்கமுள்ள திரையில் அதே எழுத்துக்கு 32 பிக்சல்கள் கிடைக்கும். புள்ளிக்கும் இது பொருந்தும்: எ-வின் அடியில் ஏ-க்குரிய கோடு இருக்கிறதா, மெய்யின் தலையில் புள்ளி விழுந்திருக்கிறதா என்பவை ஓரிரு பிக்சல் விவகாரங்கள்.

முதலில் செலவில்லாத வழியைச் செய்து பாருங்கள்: எழுத்தளவை இரண்டு படி கூட்டுங்கள். திரையில் அடங்கும் வரிகள் குறையும், ஆனால் சுழிகள் பிரிந்துவிடும். நாள்தோறும் மணிக்கணக்கில் திருத்துவதால் அது தொல்லையாக இருந்தால், 2400-க்கு 1080 திரையுள்ள ஒன்றை வாங்குங்கள். இடைநிலை விலையிலேயே அது கிடைக்கிறது. அதற்கு மேலே போக வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்களுடையது எல்சிடி (பின்விளக்கால் ஒளிரும்) திரையாக இருந்தால், ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுமையாக இருக்கும். ஓஎல்இடி (பிக்சல்கள் தாமே ஒளிரும்) திரைகளில் பெரும்பாலானவற்றில் பச்சை மட்டுமே முழு எண்ணிக்கையில் உண்டு. சிவப்பும் நீலமும் பாதி. ஆகவே 405 என்று அச்சிட்டிருக்கும் ஓஎல்இடி, 405 நெருக்கமுள்ள எல்சிடிக்கு முற்றிலும் ஈடாகாது. கறுப்பு எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக்கசிவு தெரிவது இதனால்தான். அப்படியிருந்தும் உங்கள் இப்போதைய திரையைவிட அது நன்றாகவே இருக்கும்.

கேள்வி (தண்ணீர்மலை): தைப்பூசத்தையொட்டி வரும் வெள்ளி ரதத்தைப் படம் எடுக்கும்போது வெயிலில் திரையே தெரியவில்லை. நல்ல தெளிவுள்ள திரை வாங்கினால் தெரியுமா?

பதில்: தெரியாது. வெயிலில் வேண்டியது ஒளிர்வு. பிக்சல்களை எத்தனை அடுக்கினாலும், அவற்றிலிருந்து வரும் ஒளியைவிடக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் வலுவாக இருந்தால் எதுவும் தெரியாது. மலிவான எல்சிடி திரைகளின் ஒளிர்வு 400, 500 நிட் (ஒளிர்வை அளக்கும் அலகு) அளவில் நின்றுவிடும்; இக்காலத்து நல்ல ஓஎல்இடி திரைகள் வெயிலில் 1000 நிட்டைத் தாண்டுகின்றன. அந்த உச்ச ஒளிர்வு, ஒளிர்வைத் தானியங்கி நிலையில் வைத்திருந்தால்தான் பல கைப்பேசிகளில் வரும். கையால் இழுத்து முழுமையாக வைத்திருப்பவர்களுக்கு வராது. மேலும், நம் ஊர் நண்பகலில் கைப்பேசி சூடேறிவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு நிழல்தான் மருந்து, தண்ணீர்ப் பந்தலுக்குள் போய்விடுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): அண்ணா, மோட்டாரில் உணவு விநியோகம் செய்கிறேன். வரைபடம் பார்க்க 720 திரை போதுமா?

பதில்: தாராளமாகப் போதும், தம்பி. ஹேண்டிலில் மாட்டிய கைப்பேசிக்கும் உங்கள் கண்ணுக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருக்கும். அந்தத் தொலைவில் அங்குலத்துக்கு 146 பிக்சலுக்கு மேல் இயல்பான கண்ணால் பிரித்தறிய முடியாது. மேலே தைப்பூசக் கேள்விக்குச் சொன்ன ஒளிர்வுதான் உங்களுக்கும் முக்கியம்.

கேள்வி (ஜெலுத்தோங்): எனக்கு வயது 61. ஓராண்டாக எழுத்துகள் மங்கித் தெரிகின்றன. மகன் புதுக் கைப்பேசி வாங்கித் தருகிறேன் என்கிறான்.

பதில்: ஐயா, மகனுடைய அன்பை மதிக்கிறேன், ஆனால் அவர் முதலில் உங்களைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போகட்டும். திரை ஓராண்டில் மங்குவதில்லை. நாற்பதைக் கடந்தபின் கண்ணின் வில்லை இறுகுவதால், அருகிலுள்ளதைக் குவித்துப் பார்க்கும் ஆற்றல் குறைந்துகொண்டே வருகிறது. கையை நீட்டிப் பிடித்துப் படிக்கத் தொடங்குகிறோம். கையை நீட்டினால் தொலைவு கூடுகிறது, தொலைவு கூடினால் தேவைப்படும் பிக்சல் நெருக்கம் குறைகிறது. ஆகவே வயது ஏற ஏற, கூர்மையான திரையால் நமக்குக் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டேதான் போகிறது. படிப்பதற்கான கண்ணாடியைப் போட்டும் மங்கலாகவே இருந்தால் கண் மருத்துவரைப் பாருங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (பாயான் பாரு): ஓஎல்இடி திரையுள்ள கைப்பேசி உடைந்ததால் வெளியே ஒரு கடையில் திரை மாற்றினேன். அன்றிலிருந்து எழுத்துகள் சொரசொரப்பாக இருக்கின்றன, கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரிகிறது. கைப்பேசிக்கு வயதாகிவிட்டதா?

பதில்: கைப்பேசிக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்குப் போட்டது "இன்செல்" என்று எங்கள் தொழிலில் சொல்லப்படும் எல்சிடி மாற்றுத் திரையாக இருக்க வேண்டும். ஓஎல்இடியில் பிக்சல் ஒவ்வொன்றும் தானே ஒளிர்வதால், கறுப்பு என்றால் அணைந்துவிடும். எல்சிடியில் பின்னாலிருந்து விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பு சாம்பலாகத்தான் தெரியும். மலிவான இன்செல் திரைகள் சிலவற்றில் பிக்சல்களும் மூலத்திரையைவிடக் குறைவு. இது ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன், விலை குறைவுக்காகக் கேட்டு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எதைப் போடுகிறோம் என்பதைச் சொல்லாமல் போடுவது தவறு. இனித் திரை மாற்றும்போது இன்செல்லா, ஹார்ட் (கண்ணாடித் தளத்தில் அமைந்த) ஓஎல்இடியா, சாஃப்ட் (வளையும் தளத்தில் அமைந்த) ஓஎல்இடியா, நிறுவனத்தின் மூலத்திரையா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். புதுக் கைப்பேசி வாங்கும் முன், மூலத்திரையை மாற்ற எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று விசாரியுங்கள். பட்டரியும் மென்பொருள் புதுப்பிப்பும் இன்னும் நல்ல நிலையில் இருந்தால், கணக்கு பெரும்பாலும் திரையை மாற்றும் பக்கமே சாயும். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது என்றால் வேறு கதை. அது திரையைவிட வலுவான காரணம்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): என் நண்பனுடைய கைப்பேசியும் 1080 திரைதான், என்னுடையதும் அதேதான். ஆனால் அவனுடையது கூர்மையாகத் தெரிகிறது. ஏன்?

பதில்: அவருடையது 120 ஹெர்ட்ஸ் திரையாக, அதாவது நொடிக்கு 120 முறை காட்சியைப் புதுப்பிக்கும் திரையாக இருக்கலாம். அசையாத பக்கத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. விரலால் பக்கத்தை உருட்டும்போது பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு காட்சியையும் நொடியில் 60-இல் ஒரு பங்கு நேரம் அப்படியே நிறுத்திவைக்கிறது. கண்ணோ எழுத்தோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருக்கிறது. அதனால் எழுத்து இழுபட்டதுபோல் தெரிகிறது. 120-இல் அந்த நேரம் பாதியாகிறது, இழுபடுவதும் பாதியாகிறது. நாம் நாள் முழுவதும் எதையாவது உருட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்! ஆகவே 1440 திரைக்குப் பணம் கொடுப்பதைவிட 120 ஹெர்ட்ஸுக்குக் கொடுப்பது மேல். இவ்வளவுக்கும் பிறகு, நண்பருடைய திரையின் ஒளிர்வு உங்களுடையதைவிடக் கூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பாதி வியப்பு அங்கேயே அடங்கிவிடும்.

கேள்வி (பட்டர்வொர்த்): தமிழ்நாட்டிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பும் திருமணப் படங்கள் மங்கலாக உள்ளன. புதுத் திரை உதவுமா?

பதில்: உதவாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கியே அனுப்புகிறது. 2023-இல் வந்த எச்டி பொத்தானை அழுத்தி அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): நாளிதழின் முழுப் பக்கத்தைக் கைப்பேசியில் படிக்க எந்தத் திரை ஏற்றது?

பதில்: எந்தத் திரையும் ஏற்றதன்று. சுமார் 35 சென்டிமீட்டர் அகலமுள்ள தாளை ஏழு சென்டிமீட்டர் அகலத் திரையில் அடக்கினால் எழுத்து ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 4கே திரை அந்த எழுத்தைப் பழுதின்றி வரைந்துவிடும், ஆனால் உங்கள் கண்ணால் அதைப் படிக்க முடியாது. பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். பெரிதாக்கிய பின் 1080 திரையே போதும். இதற்காகவே செலவு செய்வதானால் பத்து அங்குலப் பலகைக்கணினி வாங்குங்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): கடையில் நின்று இரண்டு திரைகளை நேர்மையாக ஒப்பிடுவது எப்படி?

பதில்: கடையில் ஓடும் விளம்பரக் காணொளியைப் பார்க்காதீர்கள், அதில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். உங்கள் கைப்பேசியிலும் புதியதிலும் ஒரே தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, எழுத்தின் அளவும் ஒளிர்வும் சமமாக இருக்கும்படி வையுங்கள். கூட வந்தவரிடம் இரண்டையும் கொடுத்து, விளிம்புகளைக் கையால் மறைத்து, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் தொலைவில் மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். எது எது என்று பத்து முறை சொல்லுங்கள். ஒன்பது முறை சரியாகச் சொன்னால் உங்கள் கண்ணுக்கு அந்த வேறுபாடு உண்மையிலேயே தெரிகிறது. ஐந்தாறு என்றால் காசைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பு. சோதனையைத் தொடங்கும் முன் இரண்டு கண்ணாடிகளையும், கைப்பேசியினுடையதையும் உங்களுடையதையும், நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.